கொக்கி எடை

ஏலம் முடிந்து வெகுநேரமாகியும்
காசிமேட்டுச் சாலையில் ஐஸ் தண்ணீர் ஓடுகிறது.
படகு ஏற்ற வந்திருக்கிறேன்.
பழைய பொலேரோ. பின்னால் என் டிரெய்லர்.
புதுப்பேட்டையில் கிடைத்த அச்சு,
தண்டையார்பேட்டையில் வைத்த வெல்டு,
இரண்டுக்கும் பாக்கி இருக்கிறது.

ஃபைபர் படகு. பழைய நீலத்தின் மேல்
நேற்றைய நீலம், இன்னும் கையில் ஒட்டுகிறது.
விற்பவர் கோதண்டம்.
வாங்குபவர் எத்திராஜ், பழவேற்காடு,
பணத்தைச் சட்டைக்குள் பனியனுக்குள் வைத்து
அடிக்கடி நெஞ்சைத் தொட்டுக்கொள்கிறவர்.

உருளைக்கட்டையும் தோளுமாக ஏற்றினோம்.
ஏலேலோ யாரும் பாடவில்லை.
ஜெகன் 'ஒன், டூ' என்றான்;
த்ரீக்கு முன்பே படகு ஏறிவிட்டது.

ஏற்றுவது பெரிதில்லை. உட்காரவைப்பதுதான்.
அணியம் அதிகம் முன்னேறினால்
வண்டி பின்னால் குந்தும்,
முன் சக்கரம் தரையை மறக்கும்.
அமரம் பின்னால் தொங்கினாலோ
எண்ணூர் சாலையில் நாற்பதைத் தொட்டதும்
டிரெய்லர் ஒரு வழி போகும், நான் ஒரு வழி,
நடுவில் கண்டெய்னர் லாரி.
மொத்த பாரத்தில் பத்தில் ஒன்று
கொக்கியின் மேல் இருக்க வேண்டும்.
அளக்க மிஷின் கிடையாது.
முதுகு இருக்கிறது.

கால் அகட்டி நின்று
கொக்கிக் கம்பியைத் தூக்கினேன்.
சும்மா வந்தது, பால் வாளி மாதிரி.
அமரத்தில் எஞ்சின் தொங்குகிறதே!
கழற்றிப் பொலேரோவில் போட்டோம்.
டீசல் கேனை இறக்கினோம்.
படகை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளினோம்.
மறுபடி தூக்கினேன்:
நரம்பு புடைத்தது, மூச்சு நின்றது,
வந்தது. இதுதான் அளவு.

பெல்ட் போடப் பின்னால் போனபோதுதான் பார்த்தேன்.
இடது டயர் பிதுங்கி நிற்கிறது.
வலது டயருக்கு வேலையே இல்லை.
காற்று பார்த்தேன், இரண்டிலும் ஒன்றுதான்.
அடிக்கட்டை நடுவில்தான் இருக்கிறது,
நூல் பிடித்தும் பார்த்தாயிற்று.

விரல் முட்டியால் வலது விலாவைத் தட்டினேன்: டங்.
இடது விலாவை: தொப்.
டெக்குக்குக் கீழே மூடிவைத்த தெர்மாகோல்
எத்தனை மாதமாகவோ
கடலைக் குடித்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே போன வழியை
நீலம் அடைத்துவிட்டது.

டீயோடு வந்தார் கோதண்டம்.
என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
"வலப்பக்கம் நாலு விரல் தள்ளுப்பா,
மட்டமாயிடும்ல?"

ஆகிவிடும்.
அவர் சொன்னதில் பிழையில்லை.
நாலு விரலில் டயர் இரண்டும் ஒன்றாகும்,
பெல்ட் இறுகும்,
மீஞ்சூர் தாண்டிப் பழவேற்காடு வரை
ஒரு குலுக்கல் இருக்காது.
அங்கே இறக்கியபின்
கடலில் நாலு விரல்
யார் தள்ளிக் கொடுப்பது?

கோதண்டம் கெட்டவர் இல்லை.
போன ஐப்பசி மழையில் என் டயர் வெடித்தபோது
முழங்கால் தண்ணீரில் ஜாக்கி தூக்கிவந்தவர்.
இன்றைய வாடகையில் பாதியும் அவருடையது.

டீயை மட்கார்டின் மேல் வைத்தேன்.
"எத்திராஜண்ணே, பெல்ட்டு இழுக்கணும்,
இடப்பக்கமா வந்து நில்லுங்க."
இழுக்க ஆள் தேவையே இல்லை,
அது தானே இறுகும் ராட்செட்டு.
வந்தார். நின்றார். டயரைப் பார்த்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை,
பெல்ட்டின் முறுக்கை நீவிக்கொண்டிருந்தேன்.
தட்டியது அவரேதான்.
வலப்பக்கம் போய் ஒருமுறை.
திரும்பி வந்து மெதுவாக இன்னொருமுறை,
தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டுவதுபோல்.
கை நெஞ்சுக்குப் போனது.

இருவரும் ஐஸ் ஃபேக்டரி சுவரோரம் போய்
அரைமணி ஆகிறது.
குரல் உயர்கிறது, தணிகிறது,
லாரி ஹாரனில் பாதி காணாமல் போகிறது.
சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறேன்.
போகுமா, இறக்கவேண்டுமா, தெரியவில்லை.
ஜெகன் கூலி கேட்கிறான்.
டீயில் ஆடை கட்டிவிட்டது.

சும்மா நிற்க முடியாமல்
கொக்கியை இன்னொருமுறை தூக்கிப் பார்த்தேன்.
முன்னும் பின்னும்
சரியாகத்தான் இருந்தது.